நிறைந்திருந்த காலி டிரம்

பிறருக்கு உதவப் புறப்படுகிறவன், அதனால் அவர்களுக்கு நேரக்கூடிய சேதத்தை முதலில் யோசிக்க வேண்டும். பட்டம் வாங்கிய புதிதில் நான் யோசிக்கவில்லை. ஆங்கிலம் வந்துவிட்டால் செஞ்சி வட்டாரத்தில் ஏற்றத்தாழ்வே ஒழிந்துவிடும் என்று மனதார நம்பி, மாலையில் இலவச வகுப்பு நடத்தினேன். (சமூகத்தின் சார்பில் நான்கு பேர் வந்தார்கள்.)

அவர்களில் ஒருவர் தொண்டூர் செல்வியக்கா. கோட்டை பார்க்க வருகிறவர்களுக்காகப் புதிதாகத் திறந்த விடுதியில் ஸ்டோர் ரூம் வேலைக்கு ஆள் தேடினார்கள். மேலாளருக்குத் தமிழ் தெரியாது. சரக்கு இருப்பை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். நடவுக்குக் குனிந்தே இடுப்பு விட்டுப்போயிருந்த அக்காவுக்கு அது மறுபிறப்பு. எண்ண முடிகிற வெங்காயத்துக்கு ‘மெனி’, எண்ண முடியாத அரிசிக்கு ‘மச்’, குறைந்தால் ‘லிட்டில்’, தீர்ந்தால் ‘நோ’ என்று மூன்று வாரம் ஒப்பிக்க வைத்தேன். வேலை கிடைக்காவிட்டால் பழி என்னுடையது என்ற பயத்தில் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நேர்காணல். துணைக்கு நானும் போயிருந்தேன். மேலாளர் கூடையைக் காட்டினார்.

“மெனி ஆனியன்ஸ், சார்.”

எனக்கு மூச்சு வந்தது. அடுத்து அரிசி டிரம்மைத் திறந்து எவ்வளவு என்றார். உள்ளே ஒரு மணிகூட இல்லை. அக்கா எட்டிப் பார்த்தார்.

“ஃபுல், சார்.”

மேலாளர் டிரம்மைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டினார். அக்கா இன்னும் பணிவாக அதையே சொன்னார். நான் காதருகே போய், ‘நோ ரைஸ்’ என்று சொல்லும்படி கெஞ்சினேன்.

“இன்னா தம்பி, வெள்ளிக்கெழம வெளக்கு வைக்கிற நேரத்துல, மொதமொதல்ல வந்த எடத்துல, அதுவா என் வாயில வரணும்? நீ சொல்லேன் பாக்கலாம்.”

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. (எங்கள் வீட்டிலும் அரிசி தீர்ந்ததே கிடையாது, ‘நிறைந்துவிடும்’.)

“ஃபுல், சார்,” என்றேன்.

மேலாளர் ஃபைலை மூடினார். அக்கா மட்டும் அசையவில்லை.

“ஃபுல், சார். டுடே பிரிங் டூ பேக்ஸ்.”

நிறைந்திருந்தால் எதற்கு வாங்க வேண்டும் என்று மேலாளர் குழம்பினார். “நெறைஞ்சாதான் வாங்கியாரச் சொல்லுவோம், அரிசி கெடந்தா எதுக்குச் சொல்றோம்? எடுத்துச் சொல்லு தம்பி,” என்றார் அக்கா. பதற்றத்தில், ‘மெனி ரைஸ்’ என்றெல்லாம் உளறி நான் விளக்கி முடிப்பதற்குள் மேலாளர் சிரித்துவிட்டார்.

வேலை கிடைத்தது. இன்று அந்த மேலாளரே கடைக்கு ஃபோன் செய்து, “ரைஸ் ஃபுல், டூ பேக்ஸ்” என்கிறாராம். எங்கள் வீட்டில், நான் எதையாவது சொதப்பினால் நைனா, அம்மாவிடம் நிதானமாகச் சொல்வார்:

“இவனுக்கு அறிவு ஃபுல்லா இருக்குது. பஜாருக்குப் போனா ரெண்டு மூட்ட வாங்கினு வா.”