நாற்பது எழுத்தில் ஒரு லீவு லெட்டர்

ஒரு நாகரிகத்தை அதன் வேர்வரை தோண்டிப் பார்த்த அலுவலகம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றுதான். மற்றவர்கள் சீன மொழியைப் படிக்கிறார்கள், பேசுகிறார்கள், எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிட்டால் அத்தோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நாங்கள் அவ்வளவு மேலோட்டமானவர்கள் அல்லர். 'சீன மொழி மற்றும் பண்பாட்டு வேர்கள் புரிதல் குழு'வின் செயலாளர் என்ற முறையில், எங்கள் சாதனையைப் பதிவு செய்வது என் கடமை.

நாங்கள் அட்டைப்பெட்டி தயாரிப்பவர்கள். சீனாவிலிருந்து புது இயந்திரம் வந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக் காட்ட ஒரு பிட்டரும் கூடவே வந்தார். இயந்திரத்துக்கு ரிப்பன் கட்டினோம். பிட்டருக்குக் கிடங்கின் பின்னால் ஓர் அறை ஒதுக்கினோம். அவருடைய பாஸ்போர்ட் தொலைந்துவிடக் கூடாதே என்ற அக்கறையில், அதை மேலாளர் தம் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

எட்டு மாதம் போயிற்று. ஒரு முதல் தேதியன்று பிட்டர் மேலாளரின் அறைக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"சார், எங்க அப்பாவுக்கு ஆபரேஷன். பதினாறாம் தேதி. ஒரு வாரம் லீவு வேணும்."

நம் மொழியில், பிசிறில்லாமல் சொன்னார். கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அக்காவோடு தினமும் உட்கார்ந்து சாப்பிட்டதில் ஒட்டிக்கொண்ட மொழி அது. அக்காவும் அவர் பின்னால் நின்றிருந்தார்.

வேறு மேலாளராக இருந்தால், "போயிட்டு வாப்பா" என்று கையெழுத்துப் போட்டு விஷயத்தைக் கொச்சைப்படுத்தியிருப்பார். எங்கள் மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா செயலாளர்? அப்பா படுத்துக் கிடக்கிற நேரத்துலகூட நமக்காக நம்ம பாஷையில பேசறார். நாம சீன வகுப்பு ஆரம்பிச்சது எதுக்கு? தம்பி, நீங்க உங்க தாய்மொழியிலயே எழுதிக் குடுங்க. நாங்க படிச்சுப் புரிஞ்சுக்கிட்டுக் கையெழுத்துப் போடறோம்."

"அதான் இப்பவே புரிஞ்சிடுச்சே சார்" என்றார் அக்கா.

"காதுக்குப் புரிஞ்சிருக்கும்மா. மனசுக்குப் புரிய வேண்டாமா?"

பிட்டர் அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். மொத்தம் நாற்பது எழுத்து. எங்கள் ஆசிரியர் இணையவழியில் சான்றிதழ் வாங்கியவர். வாரத்துக்கு ஐந்து எழுத்துக்கு மேல் போனால் வேர் அறுந்துவிடும் என்று எச்சரித்தார். விண்ணப்பத்தைப் பெரிதாக்கி வகுப்பறைச் சுவரில் ஒட்டினோம்.

முதல் வாரத்து ஐந்து எழுத்துக்குப் பொருள், 'மதிப்பிற்குரிய மேலாளர்.' மேலாளருக்கு வகுப்பு மிகவும் பிடித்துப் போயிற்று. இரண்டாம் வாரமும் அதையே படித்தோம்.

அந்த வகுப்பின் நடுவில் அக்கா கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் போன்.

"சார், இன்னும் ஆறே நாள்தான் இருக்கு. இதுல ஒரு போட்டோ புடிச்சா மொத்தத்தையும் படிச்சுக் காட்டிடும்."

ஆசிரியர் துடித்துப் போனார். "போனுக்கு வேர் தெரியுமாம்மா?"

"அவருக்கு வேர் வேண்டாம் சார். டிக்கெட் வேணும்."

"உங்ககிட்ட சான்றிதழ் இருக்கா?" என்றார் மேலாளர்.

"எட்டு மாசமா அவரோட உக்காந்து சாப்பிட்டிருக்கேன்."

"அது சாப்பாடும்மா. இது பண்பாடு."

அக்காவை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டோம். குறிப்பேட்டில் 'சிறு இடையூறு' என்று எழுதினேன்.

மூன்றாம் வாரம் 'அப்பா' வந்தார். தேதி பதினேழு. அந்த எழுத்து கோடரி பிடித்த ஒரு கையிலிருந்து பிறந்ததாக அறிஞர் சிலர் கருதுவதை ஆசிரியர் வரைந்து காட்டினார்.

"ஆஹா! அப்பான்னாலே ஒரு கண்டிப்பு!" என்றார் மேலாளர்.

"வலது கையா, இடது கையா சார்?" என்று கணக்குப் பிரிவுக்காரர் கேட்க, விவாதம் சூடு பிடித்தது. சத்தம் தொந்தரவாக இருந்ததால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினோம். வகுப்பறைக் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் பிட்டர் அதை நிறுத்தினார். அவருக்கு ஊரிலிருந்து போன் வந்தது. காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அட்டைக்கட்டின் மேல் மெதுவாக உட்கார்ந்தார். சீனர்கள் உட்காரும் விதத்திலேயே ஓர் அடக்கம் இருப்பதை ஆசிரியர் சுட்டிக்காட்டினார். அனைவரும் எட்டிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டோம்.

நான்காம் வாரம் 'நோய்': கட்டிலில் படுத்திருக்கும் மனிதன். ஆறாம் வாரம் 'வீடு': ஒரு கூரை, அதன் கீழே ஒரு பன்றி. அந்தப் பன்றி வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதற்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த வாரங்களில் அக்கா எங்கள் யாரோடும் பேசவில்லை. பிட்டர் வேலையில் ஒரு நாள்கூடக் குறை வைக்கவில்லை. எங்கள் வகுப்பு அவருக்கு உற்சாகம் அளித்திருப்பதாக மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்.

ஒன்பதாம் வாரம் நாற்பதாவது எழுத்தையும் வென்றோம். முழுப் பொருளும் எங்கள் முன் எழுந்து நின்றது: அப்பாவுக்கு அறுவை சிகிச்சை, பதினாறாம் தேதி, ஊருக்குப் போக ஒரு வாரம் விடுப்பு. கைதட்டல் ஓய இரண்டு நிமிடம் பிடித்தது.

பிட்டரையும் அக்காவையும் அழைத்து வந்தோம். மேலாளர் எழுந்து, அனுமதி ஆணையை மனப்பாடமாகச் சீன மொழியில் முழங்கினார். பிட்டர் மரியாதையாகக் கேட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார்.

"என்னக்கா சொல்றார்?"

"ஒனக்கு லீவு குடுத்துட்டாங்களாம் தம்பி."

"எதுக்கு?"

அக்கா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். கணக்குப் பிரிவுக்காரர் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டார்.

"அவங்க அப்பா செத்து ஆறு வாரம் ஆச்சு சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பிட்டர் கேட்டது பண்பாட்டு ரீதியாக ஆழமான கேள்வி என்றும், அதற்குரிய பொருளை நிதானமாக ஆராய வேண்டும் என்றும் சொல்லி, குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னார்.

நான் பேனாவைத் திறந்தேன். எழுத ஒன்றுமில்லை. பிட்டர் கேட்டது நம் மொழியில்தான். எங்கள் எல்லாருக்கும் அது உடனே புரிந்துவிட்டது, முதல் தேதியன்று புரிந்ததைப் போலவே.