ஒரு பாடம் குறைக்கப் போனவள்

ஐந்து பாடங்களில் ஒன்றைக் கழற்றிவிட்டால் போதும், ஆறே மாதத்தில் தொலைநோக்கியைத் தொட்டுவிடலாம். பாடமெல்லாம் முடிக்காமல் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக்கூடாது என்பது அவளுடைய கைடு போட்ட சட்டம். விடுதியில் ‘அவசரக்குடுக்கை’ என்று பெயரெடுத்த அந்த இயற்பியல் ஆராய்ச்சி மாணவி, விலக்கு மனுவோடு திரவ இயக்கவியல் பேராசிரியரின் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், நான் நட்சத்திரம் பத்திப் படிக்க வந்தவ. குழாய்ல தண்ணி ஓடுறது எனக்கு எதுக்கு?”

“நட்சத்திரம் என்ன கல்லாம்மா? உள்ளே உலைத்தண்ணி மாதிரி கொதிச்சுப் புரளுது!”

“நமக்கு வர்றது வெளிச்சம் மட்டும்தானே சார்?” என்று மடக்கினாள்.

“அந்த வெளிச்சம் நடுவுலேருந்து முட்டி மோதி வெளியே வர ஆயிரக்கணக்கான வருஷம் ஆகுது. ஏன்னு சொல்லு, கையெழுத்துப் போடறேன்.”

அவர் மனுவின் ஓரத்தில் கையெழுத்துக்குப் பதில் ‘கதிர்வீச்சு’ என்று இன்னொரு பாடத்தை எழுதி, அதை நடத்தும் மேடத்திடம் அனுப்பினார்.

“திரவ இயக்கவியலுக்குப் பதிலா உங்க பாடத்தை எடுத்துக்கறேன் மேடம்.”

“தாராளமா எடுத்துக்கோ. ஆனா அதுவும் இருக்கட்டும். சரி, நிறமாலையில கறுப்புக் கோடு ஏன் விழுது?”

“லென்ஸ்ல தூசியா மேடம்?”

“அணுவைக் கேக்கணும். மாடிக்குப் போ.”

மாடியில் அணு இயற்பியல் பேராசிரியர் பலகை நிறைய எழுதி விளக்கினார். அவருடைய டீ ஆறிப்போனது, இவள் மதியச் சாப்பாட்டையே மறந்துபோனாள். அடடா, என்ன மனுஷன்! தன் பாடத்தையும் மனுவில் சேர்த்துவிட்டுக் கேட்டார்.

“வெளிச்சத்தை எதுல பிடிப்பே?”

“கேமராவுல சார்.”

“அது மக்கர் பண்ணினா?”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். எலக்ட்ரானிக்ஸும் ஏறியது. ஆக மொத்தம் எட்டு.

கோபப்படத்தான் பார்த்தாள், முடியவில்லை. வானத்தில் ஒரு பொட்டு வெளிச்சம், அதற்குப் பின்னால் இத்தனை பேர் இவ்வளவு படித்து வைத்திருக்கிறார்களே! மலைப்பாக இருந்தது, நாமும் அந்தக் கூட்டத்தில் சேரப்போகிறோம் என்று பெருமையாகவும் இருந்தது. ஆனால் கைடு? பாடத்துக்குப் பயந்து ஓடியவள் என்று தெரிந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிடுவாரே!

துறை அலுவலகத்தில் எழுத்தர் அம்மாவிடம் மனுவை நீட்டியபோது கண் கலங்கிவிட்டது. “எங்க கைடு மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்?”

எழுத்தர் அம்மா முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

“அட நீ வேற! உன் கைடு இதே மாதிரி ஒண்ணைக் குறைக்க வந்து பதினொண்ணோட போனவரு, அதுல எலக்ட்ரானிக்ஸ் மட்டும் இன்னும் பாஸாகல, திங்கக்கிழமை கிளாஸ்ல உன் பக்கத்து பெஞ்சே அவர்தான்!”