மாமனாரும் ரப்பர் மீனும்

மாமனாரோடு மனஸ்தாபம் என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் அவர் இறந்து கருமாதியும் முடிந்த பிறகு, சொந்தபந்தம் அத்தனையும் பார்க்க, மொட்டை மாடியில் நின்று அவரோடு இழுபறி நடத்தியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

கப்பலூரில் பிளாஸ்டிக் வாளிக்கு மூடி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்குச் சூப்பர்வைசர் வேலை. பெண் எடுத்தது எழுமலையில். மாமனார் விவசாயி. பேச்சு குறைவு, இருக்கிற பேச்சையும் மாட்டிடம் பேசித் தீர்த்துவிடுவார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது தூண்டில் ஒன்றுதான். அதிலும் ஒத்துப்போகவில்லை. அவர் மூங்கில் கம்பு, மண்புழு கட்சி. நான் ஃபோனில் வீடியோ பார்த்துக் கெட்டுப்போன கட்சி. எங்கோ அமெரிக்காவில் ஒருத்தன் ரப்பர் மீனை ஏரியில் வீசி, பாஸ் என்று ஒரு மீனைக் கிலோ கிலோவாகத் தூக்கிக்கொண்டிருந்தான். கண்ணெதிரே ஓடுவதை விரட்டிக் கடிக்கிற அதே ஜாதிதானே நம் கண்மாய் விராலும் என்று நானாக முடிவு கட்டி, ராட், ரீல், பை நிறைய ரப்பர் மீன் என்று எல்லாம் வாங்கிவிட்டேன். (வீட்டில் கிரைண்டர் ரிப்பேராகிக் கிடந்தது. அது வேறு கதை.)

அதை மாமனாரிடம் காட்டியபோது, ஒரு ரப்பர் மீனைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இதுல என்ன ருசி இருக்குன்னு மீனு வந்து கடிக்கும்?"

"வாலு ஆடுறதப் பாத்துக் கடிக்கும் மாமா."

"மீனு அம்புட்டு மடப்பயலா?" என்று மாட்டைப் பார்த்துக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒரே ஒரு விராலு இதுல புடிச்சுக் கொண்டாங்க மாப்ள. கொழம்பு வச்சுத் தின்னுட்டு ஒத்துக்கிறேன்" என்றார்.

நான் பிடிக்கவும் இல்லை, அவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வயல்காரர் ஓடிப் போய்த் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சாவு வீட்டில் மருமகனுக்கு அழ நேரம் கிடையாது. ஐஸ் பெட்டிக்கு, பந்தலுக்கு, டீக்கு, வேனுக்கு என்று நான் ஓடிக்கொண்டே இருந்தேன். என் மனைவி செல்வி அழுதாள். மச்சினன் பாண்டி அழுதான். அத்தை மட்டும் அழுவதையும் விட்டுவிட்டு, சாப்பிடுவதையும் விட்டுவிட்டார். சர்க்கரை உள்ள உடம்பு. ரசம் விட்டுப் பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய், அதோடு சரி. கை நடுக்கம், தலைசுற்றல். "இப்பிடியே போனா இன்னொரு பந்தல் போட வேண்டியதுதேன்" என்று மாமனாரின் அண்ணன், என் பெரிய மாமனார், வெளிப்படையாகவே சொன்னார். எல்லாரும் நம்பியிருந்தது கருமாதிக்கு மறுநாளைத்தான். அன்றைக்குத்தான் வீட்டில் மறுபடி கவுச்சி சேர்ப்பார்கள். செத்தவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து இலையில் படைத்து, மாடியில் காக்கைக்கு வைப்பார்கள். காக்கையாக அவரே வருவார். அவர் எடுத்த பிறகுதான் வீட்டார் சாப்பிட வேண்டும்.

"அவரு எடுக்கட்டும். அப்பறம் நான் வயிறாரச் சாப்புடுறேன்" என்று அத்தையும் வாக்குக் கொடுத்தார்.

"அப்பாவுக்கு விராலுன்னா உசுரு" என்றாள் செல்வி.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "விரால் என் பொறுப்பு. நானே புடிச்சுக் கொண்டு வாரேன்" என்று சபை நடுவே சொல்லிவிட்டேன்.

கருமாதிக்கு மறுநாள் விடிந்தும் விடியாமல் பாண்டியும் நானும் கண்மாய்க்குப் போனோம். குத்தகைக்காரரிடம் பாண்டி முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். ரப்பர் மீனில் தூண்டில் முள்ளைக் கோப்பது தனி வித்தை. மூக்கில் குத்தித் தாடை வழியாக எடுத்து, முள்ளைத் திருப்பி, வயிற்றில் குத்தி, நுனியை முதுகுத் தோலுக்குள் ஒளித்து வைக்க வேண்டும். அப்போதுதான் பாசியில் மாட்டாது. மீன் கடித்து, நாம் இழுக்கும்போது மட்டும் நுனி வெளியே வரும். எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வீடியோக்காரன் பேசிக்கொண்டே கோத்துவிடுவான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கோத்தும் அதற்கு முதுகு கோணிவிட்டது. தண்ணீரில் போட்டால் நீந்தவில்லை. மிக்சி பிளேடு மாதிரி சுற்றியது.

"மச்சான், அதுக்குக் கரண்டு அடிச்சிருச்சு" என்றான் பாண்டி.

அடுத்ததில் நுனியை ஒளிக்க மறந்தேன். ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக வந்தது. "படையலுக்குக் கீரையும் வேணும்ல" என்றான். அப்பனைப் பறிகொடுத்தவன் என்று பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாவது எப்படியோ நேராக அமைந்தது. வால் அழகாக ஆடியது. ஆனாலும் பாண்டிக்குத் திருப்தி இல்லை. "நம்மூரு விராலு மோந்து பாக்காமத் திங்காது மச்சான்" என்று, அவன் கொண்டு வந்திருந்த நெத்திலிக் கருவாட்டுப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து ரப்பர் மீனுக்கு நன்றாகப் பூசினான். வீசினேன். தாமரை இலை ஓரத்தில் தண்ணீர் வெடித்தது. விரால்! நான் அந்த நொடியே இழுத்தேன். வால் போன ரப்பர் மட்டும் பறந்து வந்து என் காலடியில் விழுந்தது. கடித்ததும் இழுக்காதே, அது வாயை மூடும்வரை பொறு, அப்புறம் ஓங்கி இழு என்று வீடியோக்காரன் படித்துப் படித்துச் சொன்னது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றைக் கோத்து, கருவாடு பூசி, வீசக் கை ஓங்கும்போது செல்வி ஃபோன் செய்தாள். "பெரியப்பா எல்லாம் வந்தாச்சு. எங்கதான் இருக்கீங்க?"

வரும் வழியில் மீன்காரம்மாவிடம் ஒரு விராலை வெட்டி வாங்கினோம். கறுப்புப் பையைப் பிரித்துப் பார்த்த செல்வி, "துண்டு போட்டே புடிச்சீங்களாக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

கீழே வீடு முழுக்கப் பிள்ளைகள். முள் காலில் குத்திவிடக் கூடாதே என்று ராடை மாடிக்குக் கொண்டுபோய் மூலையில் சாத்தி, ரப்பர் மீனைத் தூண்டில் நரம்பிலிருந்து கழற்றாமலே கைப்பிடிச் சுவர் மேல் காய வைத்தேன். அன்று முழுவதும் நான் செய்த ஒரே பொறுப்பான காரியம் அது.

உச்சி நேரத்தில் படையலை மாடிக்கு எடுத்து வந்தார்கள். விரால் குழம்பு, ஆட்டுக்கறி, அவித்த முட்டை, ஓரமாக ஒரு கட்டு பீடி. பெரிய மாமனார் கைகளைக் குவித்து, "கா... கா..." என்று கூப்பிட்டார். அதிக நேரம் ஆகவில்லை. கழுத்து சாம்பல் நிறத்தில் ஒரு காக்கை வந்து சுவரில் உட்கார்ந்தது.

"வந்துட்டீங்களா" என்று அத்தை கை கூப்பினார். அத்தனை நாள் வராத கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எடுத்துக்கங்க. எல்லாம் ஒங்களுக்குப் புடிச்சதுதேன்."

காக்கை இலையைப் பார்த்தது. தலையைச் சாய்த்து விராலைப் பார்த்தது. பிறகு என்ன வாசம் பிடித்ததோ, சுவர் மேலேயே தத்தித் தத்தி மூலைக்குப் போய், கருவாடு பூசிய என் ரப்பர் மீனைக் காலில் இடுக்கிக்கொண்டு பறந்தது.

ரீல் கிர்ரென்று கத்தியது. ராட் சுவரைத் தாண்டி விழப் போயிற்று. ஓடிப் போய்ப் பிடித்தேன். அதோடு நின்றிருக்கலாம். காலையில் வேலை செய்யாத புத்தி அப்போது வேலை செய்தது. பொறுத்தேன். நன்றாகக் கவ்வட்டும் என்று விட்டேன். அப்புறம் ஓங்கி இழுத்தேன்.

அடுத்த வீட்டுத் தென்னை மட்டையில் உட்காரப் போன காக்கை, அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட்டது.

"ஐயோ, அவரப் புடிச்சு இழுக்குறாரே!" என்று அத்தை அலறினார்.

முள் நுனி ரப்பருக்குள் ஒளிந்தே இருந்ததால் காக்கைக்குக் காயம் ஒன்றுமில்லை. (வாழ்க்கையில் நான் ஒழுங்காகக் கோத்த முள் அதுதான்.) ஆனால் அதுவும் விடவில்லை. ஒற்றைக் காலில் மட்டையைப் பற்றிக்கொண்டு, மறு காலில் ரப்பர் மீனை இறுக்கிக்கொண்டு என்னையே முறைத்தது. அந்த முறைப்பை எனக்கு ஏற்கெனவே தெரியும். நடுவில் நரம்பு விறைத்து நிற்கிறது. கையை விட்டால் ராடும் காக்கையோடு போய்விடும். ஊரே பார்க்கிறது. எனக்கு என்ன ஆயிற்றென்று தெரியவில்லை, காக்கையாவது செத்தவராவது என்று நண்பர்களிடம் நியாயம் பேசுகிற ஆள் நான், வாய்விட்டுக் கத்திவிட்டேன்:

"விடுங்க மாமா! மாமா, விட்ருங்க மாமா!"

விட்டுவிட்டார்.

விறைத்து நின்ற நரம்போடு ரப்பர் மீன் பறந்து வந்து, பெரிய மாமனாரின் வெள்ளைச் சட்டையில் சப்பென்று மோதியது. இப்போதுதான் முள் நுனி வெளியே வந்து சட்டைத் தோளில் மாட்டியது. "தம்பி தப்பிச்சிட்டான், மாப்ள என்னையப் புடிச்சிட்டாரய்யா!" என்றார் அவர். அன்று என் தூண்டிலில் சிக்கிய ஒரே உயிர்.

யாரும் சிரிக்கவில்லை. எழுமலைக் காக்கை அத்தனையும் திரண்டு வந்து தென்னையில் உட்கார்ந்து கத்தின. இரண்டொன்று என் மண்டையைக் குறிவைத்துப் பாய்ந்தன. ஒன்று கூடப் படையலைத் தொடவில்லை. வெயில் ஏற ஏற, விரால் குழம்பில் ஆடை படர்ந்தது. அத்தை இலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "ஒரு வாய் சாப்புடும்மா, மாத்திர போடணும்" என்று செல்வி கெஞ்ச, "அவரு பசியோட போயிருக்காரு" என்று தலையை ஆட்டினார். உதடு வெளுத்திருந்தது. சட்டையில் மாட்டிய முள்ளோடு பெரிய மாமனார் என்னைப் பார்த்த பார்வையில், இன்னொரு பந்தல் என்று அவர் சொன்னது எனக்கு அப்படியே கேட்டது.

பாண்டிதான் என் தோளைத் தொட்டான். "மச்சான், நீங்க நிக்கிற வரைக்கும் வராது. அதுக்கு ஒங்க மூஞ்சி பதிஞ்சுபோச்சு. கீழ வாங்க."

உரமூட்டை வைக்கிற அறையில் என்னை விட்டு வெளியே தாழ் போட்டான். ஜன்னல் கிடையாது. யூரியா நெடி. மாமனாரின் மண்வெட்டி சுவரில் சாய்ந்திருந்தது. அதன் தகட்டில், அன்றைக்கு அவர் தண்ணீர் பாய்ச்சிய வயலின் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவி வைக்க அவர் திரும்பி வரவில்லை. அதைப் பார்த்ததும் உடைந்துவிட்டேன். அந்த மனுசனுக்கு ஒரு விரால் பிடித்துக் கொடுக்க எனக்குத் துப்பில்லை. அவர் பெண்டாட்டியைப் பட்டினி போட்டுக் கொல்லத்தான் துப்பிருக்கிறது. மூட்டை மேல் கவிழ்ந்து, ஐஸ் பெட்டிக்கு ஓடிய நாளில் அழ வேண்டியதை எல்லாம் சேர்த்து அழுதேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. மாடியில் திடீரென்று சத்தம். தடதடவென்று படியில் கால்கள். தாழ்ப்பாள் திறந்தது. பாண்டி மூச்சு வாங்க நின்றான்.

"எடுத்துருச்சு மச்சான்! அதே சாம்பக் கழுத்துதேன். அம்மா சாப்புடுது."

வெளியே வந்தேன். அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். என் வீங்கிய முகத்தைப் பார்த்தார். வாயில் சோற்றோடு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் நிற்கவில்லை.

"உசுரோட இருந்தப்ப ஒருநாளும் நீங்க சொன்னத அவரு கேட்டதில்ல மாப்ள. இன்னைக்கு விடுங்கன்னதும் விட்டுட்டாரு பாத்தீங்களா."

அதற்குப் பிறகுதான் வீடே சிரித்தது. இன்றுவரை நிற்கவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் காக்கைக்குச் சோறு வைக்குமுன் யாராவது ஒருவர், "மாப்ளய உள்ள வச்சுப் பூட்டியாச்சா?" என்று குரல் கொடுப்பார்கள். நானே போய் உர அறையில் உட்கார்ந்துகொள்வேன்.

இப்போது அத்தைக்கும் முடியவில்லை. சர்க்கரை சிறுநீரகத்துக்கு இறங்கிவிட்டது. படி ஏற முடியாது. போன அமாவாசையன்று மற்றவர்கள் மாடிக்குப் போய்விட, சுவரைப் பிடித்துக்கொண்டு உர அறை வாசலுக்கு வந்து, நிலைப்படியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு நானும் வருவேன்ல மாப்ள."

"அதெல்லாம் ஏன் பேசுறீங்கத்த?"

"வந்தா, ஒங்க ரப்பர் மீனத்தேன் எடுப்பேன். நல்லாக் கருவாடு பூசி வையுங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு என் கையைத் தட்டிக் கொடுத்தார். "ஆனா இழுக்காதீங்க. விட்ருங்க, என்ன?"