எவ்வித நன்மையும் இல்லாத ஆலிவ்

கிரீட் தீவின் மலைச்சரிவில் காப்பிக் கடை வைத்திருந்த மனூசோஸ், கடை வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினான். அவன் செய்த குற்றம் அது ஒன்றுதான்.

அந்த ஊரில் ஆலிவ் விற்பனைப் பொருள் அல்ல. யார் உட்கார்ந்து ராக்கிச் சாராயம் கேட்டாலும் கூடவே ஒரு தட்டு ஆலிவ் தானாக வந்துவிடும். அதற்குக் காசு கேட்கிறவன் மனிதனே இல்லை. வேண்டாமென்று தட்டைத் தள்ளுகிறவன் சொந்தக்காரனாகவே இருந்தாலும் மறுநாள் முதல் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் இப்போது வருகிற சுற்றுலாக்காரர்கள் வேறு மாதிரி. எதைக் கொடுத்தாலும் அது உடம்பில் எந்தப் பாகத்துக்குப் போகிறது என்று விசாரித்த பிறகுதான் மெல்லுகிறார்கள். பக்கத்து ஊர்க் கடையில் 'ஆலிவ் இதயத்துக்கு நல்லது' என்று எழுதி வைத்த நாளிலிருந்து கூட்டம் முழுக்க அங்கே.

மனூசோஸ் சும்மா இருப்பானா? எலுமிச்சையும் கொத்தமல்லி விதையும் சேர்த்து நசுக்கிய பச்சை ஆலிவை இதயத்துக்கு ஒதுக்கினான். உப்பில் சுருங்கிய கறுப்பு ஆலிவ் எலும்புக்குப் போயிற்று. பார்லி ரொட்டி மேல் தக்காளி, பாலாடைக்கட்டியோடு வைத்தால் ரத்தக்கொழுப்புக்கு. தோலுக்கு ஒன்றும் மிச்சமில்லை என்பதால், தட்டில் மிஞ்சும் எண்ணெய் மேனிப் பளபளப்புக்கு என்று எழுதி முடித்தான்.

மூன்றாம் நாள் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி பொலிதோரோஸ் வந்தார். இரண்டு தட்டு ஆலிவ் சாப்பிட்டார். மிஞ்சிய எண்ணெயை ரொட்டியால் துடைத்து அதையும் சாப்பிட்டார். அதன்பின் கடமை நினைவுக்கு வந்து பலகையைப் படித்தார்.

"இது இதயத்துக்கு நல்லதா?"

"ரொம்ப நல்லதுங்க ஐயா."

"அப்படின்னா இது மருந்து. மருந்து விக்க உரிமம் எங்க?"

"ஐயா, இது ஆலிவுங்க."

"நல்லது செய்யாத வரைக்கும் ஆலிவ்தான். செய்யுதுன்னு நீங்களே எழுதி மாட்டிட்டீங்களே."

"பலகைய இறக்கிடறேங்க."

"தாராளமா இறக்குங்க. ஆனா நான் படிச்சுட்டேனே."

அதிகாரி இரக்கமுள்ளவர். இரண்டு வழி காட்டினார். மருந்தாளுநர் ஒருவரைச் சம்பளம் கொடுத்துக் கடையில் உட்கார்த்தி வைக்கலாம். அல்லது இந்த ஆலிவால் எவருக்கும் யாதொரு நன்மையும் விளையவில்லை என்று நிரூபிக்கலாம். அடுத்த வாரத்துக்குள் இரண்டில் ஒன்றாவது நடக்காவிட்டால் கடைக்குப் பூட்டு.

அன்று இரவு மனூசோஸ் கணக்குப் போட்டுப் பார்த்தான். கடை போனால் மச்சான் நடத்தும் விடுதியில் பெட்டி தூக்கித்தான் பிழைக்க வேண்டும். மச்சானும் அந்த நாளுக்காகவே ஆவலோடு காத்திருந்தான். மருந்தாளுநருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் கடையையே வாங்கலாம். ஆகவே நன்மை இல்லை என்று நிரூபிப்பதுதான் வழி. அதற்கு, தினமும் ஆலிவ் தின்கிற ஊரே நோயில் கிடக்க வேண்டும்.

ஊரார் நல்லவர்கள், சம்மதித்தார்கள். சிக்கல் அவன் தாய்மாமன் யக்கூமிஸால் வந்தது. தொண்ணூறு தாண்டியும் மரமேறி ஆலிவ் உலுக்குகிற மனிதர்.

"மாமா, அதிகாரி வர்ற அன்னிக்கு ஒரு நாள் மட்டும் முட்டி வலின்னு படுத்திருங்க."

"முட்டி வலி எப்படிடா இருக்கும்? வந்திருந்தாத்தானே நடிக்க."

குறித்த நாளில் அதிகாரி வந்ததும் பாதிரியார் இருமினார், கசாப்புக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார், மற்றவர்கள் நொண்டினார்கள். மாமா கடைவாசலில் கட்டிலில் கிடந்து முனகினார். எல்லாம் முறையாக நடந்துகொண்டிருக்கும்போது அவர் வளர்த்த ஆடே அவரைக் காட்டிக்கொடுத்தது. பக்கத்துத் தோட்டத்து அவரைக்கொடியில் வாய் வைத்தது. மாமா கட்டிலிலிருந்து குதித்து, கல்சுவரைத் தாண்டி, ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்துவந்து கட்டிவிட்டு, மறுபடி படுத்து முனகினார்.

அதிகாரி மனூசோஸைப் பார்த்தார்.

"ஜன்னிங்க ஐயா. நோய் முத்தினா இப்படித்தான் ஓடுவாரு."

"எத்தனை காலமா ஆலிவ் சாப்பிடறாரு?"

"பல்லு முளைச்சதிலேருந்து."

"பலன்?"

"நீங்களே பாக்கறீங்களே."

அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்தார். கடை பிழைத்தது. 'இங்கு தரப்படும் ஆலிவால் எவருக்கும் எவ்வித நன்மையும் இல்லை, அரசு ஒப்புதல் பெற்றது' என்று புதுப் பலகை ஏறியது. அதன்பிறகு அதிகாரி மேற்பார்வைக்கென வாரந்தோறும் வந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். நன்மை செய்யாத பொருள் என்பதால் சட்டத்தில் அதற்குத் தடையில்லை.

ஆனால் ஒரு ஊரே நோயில் கிடப்பதைக் கண்டும் சும்மா இருக்க அவருக்கு மனம் வரவில்லை. மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் உருகிப்போய், வெளிநாட்டிலிருந்து வரவழைத்த மாத்திரைகளை வண்டி நிறைய அனுப்பியது. பளபளக்கும் குப்பி, உள்ளே ஆலிவ் சாரம். போன அறுவடையில் அந்த ஊர்க்காரர்கள் பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேற்றிய அதே ஆலிவ். இலவசம் என்றதும் நொண்டாதவர்கள்கூட வரிசையில் நொண்டினார்கள்.

ஒரு மாதம் கழித்து யக்கூமிஸ் மாமா கடைக்கு வந்து உட்கார்ந்தார். மனூசோஸ் வழக்கம்போல ராக்கியும் ஒரு தட்டு ஆலிவும் வைத்தான். மாமா தட்டைத் தள்ளினார். கடையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இத எதுக்குடா தின்னணும்? ஒரு நன்மையும் இல்லைன்னு நீதானே எழுதி வச்சிருக்க." சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்தார். "தண்ணி கொண்டா. இத ஆரம்பிச்சப்புறம்தான் முட்டி வலி போச்சு."

மனூசோஸ் தட்டைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையை நீட்டினான்.

"எனக்கும் ஒண்ணு குடுங்க மாமா. என்னுது நேத்தே தீந்துபோச்சு, காலையிலேருந்து முட்டி பிடிக்குது."