வெயிட்மாஸ்டர் ஓடுகிறது

"சார், மறுபடியும் நின்னுபோச்சு."

போனில் குரலைக் கேட்டதுமே தானியேலுக்கு யாரென்று தெரிந்துவிட்டது. எடைமேடை ஜெபா.

"ஐகான் இருக்குதா பாருங்க. அத்த ரெண்டு தட்டு தட்டுனா திறந்துக்கும்."

"நான் தட்டமாட்டேன் சார். எதனா அழிஞ்சுபோச்சுன்னா யாரு பதில் சொல்றது? நீங்களே வந்துருங்க. லாரிங்க வரிசை கட்டி நின்னுகினு இருக்கு."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்தக் கம்பி ஆலையின் கம்ப்யூட்டர்கள் அனைத்துக்கும் தானியேல்தான் வைத்தியன். அவனுடைய அறை ஆபீஸ் கட்டடத்தின் மாடியில். லாரிகளை நிறுக்கும் எடைமேடையோ வாசல் கேட்டை ஒட்டி. நடுவில் உருக்குவதற்காகக் கொட்டிய பழைய இரும்பு மலைமலையாகக் கிடக்கும். வெயிலில் அதைக் கடந்து போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும்.

போனான். லாரிகள் வரிசையாக நின்றன. வெயிட்மாஸ்டர் என்ற அந்த எடை ப்ரோகிராம் திரையில் இல்லவே இல்லை. ஐகானை இரண்டு தட்டு தட்டினான். திறந்துகொண்டது.

"நீங்க தொட்டா மட்டும் எப்படி சார் வருது?" என்றாள் ஜெபா.

அவளுடைய கேபினில் வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நாற்காலி உண்டு. அது துடைத்துச் சுத்தமாக இருந்தது. கேபினைப் பெருக்கும் கங்கம்மா கெட்டிலிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். தானியேல் குடித்தான். மீஞ்சூர் சர்ச் பாடகர் குழுவில் தான் வாயை மட்டும் அசைத்துச் சமாளிப்பதைச் சொன்னான். ஜெபா சிரித்தாள். அவள் சிரித்தால் வெளியே ஹாரன் அடிக்கும் டிரைவர்கூடக் கொஞ்சம் நிறுத்திவிட்டு எட்டிப் பார்ப்பான்.

இது ஏறக்குறைய தினசரிச் சமாச்சாரமாகிவிட்டது. ப்ரோகிராமை விற்ற சென்னைக் கம்பெனிக்காரர்களிடம் கேட்டதற்கு, "வேற எங்கேயும் இந்தக் கம்ப்ளெயிண்ட் இல்லியே சார்" என்று கைவிரித்துவிட்டார்கள்.

கடைசியில் ஃபேக்டரி மேனேஜர் சின்னராசு அவனைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, உன்ன நான் கம்ப்யூட்டருக்கு வெச்சனா, கேட்டு வாச்சுமேனுக்கு வெச்சனா? எப்பப் பாத்தாலும் அங்கதான் கீற."

"வெயிட்மாஸ்டர் நின்னுபோகுது சார்."

"நிக்காம பண்ணு. அதுக்குத்தான சம்பளம்."

தானியேலுக்கு வெட்கமாக இருந்தது. மேனேஜர் திட்டியதற்காக மட்டும் அல்ல. ஜெபாவிடம் அவனுக்கு ஒன்று கேட்கவேண்டியிருந்தது. பொன்னேரியில் இருந்த அவள் வீட்டுக்குத் தன் அம்மாவை அழைத்துக்கொண்டு வரலாமா என்பதுதான் அது. ஒவ்வொரு முறையும் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வாயெடுப்பான். உடனே இன்னொரு நினைப்பு வரும். ஒரு ப்ரோகிராமை ஒழுங்காக ஓடவைக்கத் துப்பில்லாதவன் குடும்பத்தை ஓட்டுவேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? முதலில் அவளுடைய தொல்லையைத் தீர்த்துவைப்போம், பிறகு கேட்போம். இப்படித்தான் அவன் முடிவு செய்தான்.

ஸ்கிரிப்ட் என்கிற குட்டி ப்ரோகிராம் ஒன்றை எழுத உட்கார்ந்தான். எடைமேடைக் கம்ப்யூட்டரில் வெயிட்மாஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று அது அடிக்கடி பார்க்கவேண்டும். ஓடவில்லையென்றால் தானே தொடங்கிவைக்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் சென்னைக்காரர்கள் ஒவ்வொரு முறை திருத்தும்போதும் பெயரை மாற்றிவிடுவார்கள். வெயிட்மாஸ்டர் ஆறு, வெயிட்மாஸ்டர் நியூ, வெயிட்மாஸ்டர் ஃபைனல், ஃபைனலுக்குப் பிறகு ஃபைனல் ஒன்று. எனவே முழுப் பெயரைத் தேடிப் பயனில்லை. 'வெயிட்' என்று ஆரம்பிக்கும் எதுவாவது ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னான். ஸ்கிரிப்டுக்கு 'வெயிட் செக்' என்று பெயர் வைத்து, மாடியிலிருந்தே எடைமேடைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டான். ஓடினால் அவனுடைய திரையில் பச்சை விளக்கு எரியும்.

பச்சை எரிந்தது. அன்றைக்குப் பகலில் போன் அடித்தது.

"சார், நின்னுபோச்சு."

"இல்லியே. இங்க ஓடுதுன்னு காட்டுதே."

"இங்க ஒண்ணுமே இல்ல சார். வாங்க."

"ஜெபா, பச்சை எரியுது. ஓடிக்கினுதான் இருக்கு. நல்லாப் பாருங்க."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"அப்படிச் சொல்லல. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுன்னு சொல்றேன்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

லாரிகளின் வரிசை கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. சின்னராசு மாடிக்கு வந்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். அங்கிருந்தே எடைமேடைக்குப் போன் போட்டு, "கம்ப்யூட்டர் ஓடுதுன்றது, நீ ஓடலன்றயா? யார்கிட்ட காது குத்துற?" என்று கத்தினார். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சன்னலில் எடைச் சீட்டுக்காகக் கைநீட்டிக்கொண்டிருந்த டிரைவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

பிறகு சின்னராசு தாமே நடந்து கேட்டுக்குப் போனார். போன வேகத்தைவிட அதிக வேகத்தில் திரும்பி வந்தார்.

"டேய், அங்க திரை தொடச்சு வெச்ச மாதிரி கீது. எதுடா ஓடுது?"

தானியேல் தேடினான். ஓடிக்கொண்டிருந்தவற்றில் 'வெயிட்' என்று ஆரம்பிக்கும் ஒன்று எடுத்த எடுப்பில் கண்ணில் பட்டது. அது 'வெயிட் செக்'. அவனுடைய ஸ்கிரிப்டேதான். வெயிட் எங்கே, வெயிட் எங்கே என்று தேடி, தன்னையே கண்டுபிடித்து, இதோ இருக்கிறதே என்று பச்சை விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தது.

அவன் ஓட்டமும் நடையுமாகக் கேபினுக்குப் போனான். ஜெபாவின் கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிருங்க ஜெபா. தப்பு என்மேலதான்."

"பரவால்ல சார். கம்ப்யூட்டர் சொன்னா நம்புவீங்க. மனுசங்க சொன்னா நம்பமாட்டீங்க."

அன்று கங்கம்மா டீ கொடுத்தாள். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. தானியேலும் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. இந்தச் சமயத்தில் போய்க் கேட்பதா என்று விட்டுவிட்டான்.

ஸ்கிரிப்டின் பெயரைக் 'காவல்' என்று மாற்றினான். இனி அது தன்னைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளாது. மறுநாள் வெயிட்மாஸ்டர் நின்றது. பச்சை எரிந்துகொண்டே இருந்தது. மேடையில் ஏறும் லாரியைப் படம் எடுக்கும் கேமராவுக்கும் ஒரு ப்ரோகிராம் உண்டு, அதன் பெயர் 'வெயிட் கேமரா' என்பதை அவன் மறந்துபோயிருந்தான்.

சரி, பாதிப் பெயர்தான் தொல்லை என்று 'வெயிட்மாஸ்டர்' வரைக்கும் நீட்டினான். வேகத்தில், நடுவில் உள்ள 'எம்' என்ற இங்கிலீஷ் எழுத்தைப் பெரியதாக அடித்துவிட்டான். சென்னைக்காரர்கள் அதைச் சின்ன எழுத்தில் வைத்திருந்தார்கள். அவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. ஸ்கிரிப்டுக்கு அதுதான் பெரிது. வெயிட்மாஸ்டர் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்க, 'இல்லை' என்று முடிவுகட்டி இன்னொன்றைத் திறந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடி பார்த்தது. இல்லை. இன்னொன்று. மறுபடி இன்னொன்று.

"சார், தொறந்துகினே போகுது சார்! ஒண்ண மூடுனா பின்னால ஒண்ணு நிக்குது!"

மேடையில் இருந்து வரும் எடையை முதலில் திறந்த வெயிட்மாஸ்டரே பிடித்துக்கொண்டுவிட்டது. பின்னால் வந்தவற்றுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கழுத்துவரைக்கும் கம்பி ஏற்றி நின்ற லாரிக்கு எடை பூஜ்யம் என்று சீட்டு வந்தது. நெல்லூர்ப் பக்கத்து டிரைவர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏம்மா, இது இன்னா பஞ்சு மிட்டாயா? சும்மா கீறப்பவே என் வண்டி டயர் அழுவுது. பூஜ்யம்னு எழுதிக் குடுக்கிற! செக்போஸ்ட்ல என்ன உள்ள தள்ளவா?"

"என்னக் கேக்காதீங்கண்ணா. மாடில ஒருத்தர் கீறாரு, அவரக் கேளுங்க" என்றாள் ஜெபா.

டிரைவர் நிஜமாகவே மாடிக்கு வந்து கேட்டான்.

அதற்கு அடுத்த வைத்தியம் நோயைவிட மோசமாக இருந்தது. எதற்கு வம்பு, முதலில் அந்தப் பெயரில் ஓடும் எல்லாவற்றையும் மூடிவிட்டு, பிறகு புதிதாக ஒன்றைத் திறந்துகொள் என்று எழுதிவிட்டான். லாரி மேடையில் ஏறி நின்று, ஜெபா வண்டி எண்ணை அடித்து, எடை நிலைக்கு வரக் காத்திருக்கும் நேரம் பார்த்து ஸ்கிரிப்ட் வந்து அடியோடு மூடியது. அவள் மறுபடி அடித்தாள். அது மறுபடி மூடியது.

"என்மேல இன்னா சார் கோவம் உங்களுக்கு?" என்று போனில் கேட்டாள்.

தானியேல் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. உட்கார்ந்து நிதானமாக எழுதினான். பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும் ஒன்றாகக் கொள். உன்னைக் கணக்கில் சேர்க்காதே. கேமராவைச் சேர்க்காதே. ஒன்று ஓடினால் இரண்டாவதைத் திறக்காதே. ஓடாவிட்டால் மட்டும், ஒரே ஒன்றைத் திற. திரும்பத் திரும்பச் சோதித்தான். எங்கும் பிசகவில்லை.

அதை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போனான். அவளுடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தான். வெயிட்மாஸ்டரை அவள் கண்ணெதிரே மூடிக் காட்டினான். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே திறந்துகொண்டது.

"பாத்தீங்களா? இனிமே நின்னாலும் தானா எழுந்துக்கும். நீங்க எனக்குப் போன் போடவே தேவல்ல."

ஜெபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க வரமாட்டீங்க."

"எதுக்கு வரணும்? நானும் இந்த வெயில்ல அலையவேணாம். நீங்களும் தெனம் என் மூஞ்சியப் பாக்கவேணாம்."

வேடிக்கையாகப் பேசியதாக நினைத்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"நல்லா செஞ்சிருக்கீங்க சார்" என்றாள்.

இப்போது கேட்டுவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஆனால் ஒரு வாரமாவது ஒழுங்காக ஓடட்டும், அதற்குப் பிறகு நிமிர்ந்து நின்று கேட்கலாம் என்று எழுந்து வந்துவிட்டான்.

அன்று பிற்பகல் முழுவதும் அவன் தன் திரையை விட்டு நகரவில்லை. வெயிட்மாஸ்டர் நின்றது. ஸ்கிரிப்ட் எழுப்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. எழுப்பியது. நின்றது, எழுப்பியது. இதற்கு முன் ஒரே நாளில் இத்தனை முறை நின்றதே இல்லை. சின்னராசுவைக் கூட்டிவந்து காட்டினான்.

"பாருங்க சார். எத்தன தடவ விழுது பாருங்க. ஒவ்வொரு தடவையும் தூக்கி நிறுத்துது. இது மட்டும் இல்லன்னா இன்னிக்கு அந்தப் பொண்ணு இன்னா பாடு பட்டிருக்கும்!"

"பலே" என்று சின்னராசு முதுகில் தட்டினார்.

சாயங்காலம் ஷிப்ட் முடியும் நேரத்தில் கடைசியாக ஒருமுறை நின்றது. எழுந்தது. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. மறுநாளும் நிற்கவில்லை. அதற்கு மறுநாளும் நிற்கவில்லை. ப்ரோகிராமுக்கே தன் ஸ்கிரிப்டைக் கண்டு பயம் வந்துவிட்டது என்று தானியேல் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான்.

போன் அடிக்கவில்லை. அந்த அமைதி முதலில் வெற்றியாக இருந்தது. போகப்போக என்னவோ போல் இருந்தது. ஒருமுறை ரிசீவரை எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்த்தான். சும்மாவே நடந்து போய்ப் பார்க்கலாம்தான். ஆனால் போக என்ன காரணம் சொல்வது? வேலையில்லாமல் கேட்டுப் பக்கம் போனால் சின்னராசு விடுவாரா? இதற்கிடையில் இன்னொரு ஷெட்டில் புது மெஷின் இறங்கியது. அதற்கு ஒயர் இழுப்பதிலேயே வாரங்கள் ஓடிப்போயின.

அந்த வேலை முடிந்த அன்று துவைத்துத் தேய்த்த சட்டையோடு வந்திருந்தான். இன்றைக்கு என்ன ஆனாலும் கேட்டுவிடுவது. காரணம் எதுவும் வேண்டாம். இரும்பு மலைகளைக் கடந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கேபின் கதவைத் திறந்தான்.

ஜெபாவின் இடத்தில் லோகு உட்கார்ந்திருந்தான். ஸ்டோர்ஸில் இருந்தவன்.

"வாங்க சார். இன்னா இவ்ளோ தூரம்?"

"ஜெபா இல்லியா?"

"தெரியாதா உங்களுக்கு? அது வேலய வுட்டு நின்னுடுச்சு சார். ஞாயித்துக்கெழம நிச்சயம் ஆயிப்போச்சு. மாப்ள ஆவடி பக்கம். போறப்ப எல்லாருக்கும் லட்டு குடுத்துச்சே."

தானியேலுக்கு லட்டு வரவில்லை. நாற்காலியைப் பார்த்தான். அதன்மேல் தூசி படிந்திருந்தது. அப்படியே உட்கார்ந்தான்.

லோகு சீட்டைக் கிழித்துச் சன்னலில் நீட்டிவிட்டுத் திரும்பினான். "ஒண்ணு சொல்லணும் சார், நான் வந்ததுலேந்து வெயிட்மாஸ்டர் ஒரு தபாகூட நிக்கல. கல்லு மாதிரி ஓடுது."

"ம்" என்றான் தானியேல்.

மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த கங்கம்மா துடைப்பத்தை வைத்துவிட்டு டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். லோகு வெளியே லாரிக்காரனோடு பேசப் போனதும், தானியேல் யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதுபோல அவளிடம் சொன்னான்.

"அவங்களுக்காகத்தாம்மா அத்தன கஷ்டப்பட்டு அந்த ஸ்கிரிப்ட எழுதுனேன். தெனம் நின்னு நின்னு அவங்க உயிர வாங்கிக்கினு இருந்துச்சே, அந்தத் தொல்லையத் தீத்து வெச்சேன். போறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்கலாம்."

கங்கம்மா டீ கிளாஸை அவன் கையில் வைத்தாள்.

"அது எங்க நைனா தானா நின்னுச்சு? நீ வரணும்னுட்டு அந்தப் பொண்ணுதான் தெனம் மூலையில கீற சேப்புக் கட்டத்த அமுக்கி மூடிட்டு உனுக்குப் போன் போடும்."