பெருந்தொண்டை, இருபத்திரண்டு நிமிடம்

பெருந்தொண்டைக்கு மட்டும் இருபத்திரண்டு நிமிஷம். மத்தவங்க எல்லாம் எங்க போனாங்க? ஆறு பேர் பேசின டிஸ்க்ல இவர் ஒருத்தர் மட்டும் எப்படி முளைச்சு நிக்கிறார்?

மர்ஜான் ரிமோட்டை மறுபடி அழுத்தினாள். டிவியின் சத்தத்தை முழுவதும் அடைத்து வைத்திருந்தாள். திரையில் கணவனின் மூத்த அண்ணன் கையில் மைக்குடன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இன்னும் அவனேதான் பேசறானா?" அடுக்களையிலிருந்து மாமியார் கேட்டார்.

"சரி பண்ணிடறேன், அபா!"

"ஒரு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க, கெலின். என் பேச்சு வரணும். ஏழு வருஷமாச்சு, நான் என்ன பேசினேன்னு எனக்கே தெரியாது. தினமும் அவன் பேச்சுதான் வருது." 'கெலின்' என்றால் மருமகள்; அந்த வீட்டில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மாமியாரின் அறுபதாவது பிறந்தநாள் விருந்தை அன்று பதினான்கு டிஸ்க்குகளில் படம்பிடித்துக் கொடுத்திருந்தார்கள். டிஸ்க்குகளில் கீறல் விழத் தொடங்கியதும், சென்ற குளிர்காலத்தில் மர்ஜான் ஒவ்வொன்றையும் அப்படியே ஒற்றைக் கோப்பாக நகலெடுத்து, டிவிக்குக் கீழே இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியில் ஏற்றிவிட்டாள். தாராஸ் நகரத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படியொரு படநூலகம் இருக்காது என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஆனால் பெட்டிக்கு ஒரு கொள்கை. ஒரு கோப்பு என்றால் ஒரு எபிசோட். மூன்றாவது டிஸ்க்கில் ஐந்து பெரியவர்களின் வாழ்த்தும், கடைசியில் மாமியாரின் நன்றியுரையும் வரிசையாக இருந்தன. பெட்டியோ முதல் ஆளைக் காட்டிவிட்டு, அத்தோடு கதை முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டது.

மற்ற நாளாக இருந்தால் பரவாயில்லை. இன்று விருந்துக்குப் பிறகு, தன் பேச்சைத் தானே கேட்டு மாமியார் மனம் இளகியிருக்கும் நேரத்தில், செரிக் வாயைத் திறப்பதாகத் திட்டம். செரிக், அவள் கணவன், அந்த வீட்டின் கடைசி மகன். ஊர் வழக்கப்படி கடைசி மகன் பெற்றோர் வீட்டிலேயே இருப்பவன். தனியாகப் போகிறோம் என்று அவன் சொல்வது, கூரையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவது மாதிரி. வீடு பார்த்தாகிவிட்டது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மூணு ரூம். நாலாவது மாடி. காலைல வெயில் விழற பால்கனி. ஒரு கதவு, அதை நானே பூட்டுவேன், நானே திறப்பேன்.

அடுக்களையில் மாவு தேய்க்கும் சத்தம் சற்று நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

மர்ஜான் பெட்டியின் அமைப்புகளுக்குள் புகுந்தாள். மூன்றாவது அடுக்கில், யாரும் எட்டிப் பார்க்காத மூலையில், ஒரு வரி: 'இந்தக் கோப்பில் பல எபிசோடுகள் உள்ளன.' அவள் இதயம் துள்ளியது. அழுத்தினாள். பெட்டி முனகியது, யோசித்தது, மூன்றாவது டிஸ்க்கை ஆறு துண்டாகப் பிரித்து வைத்தது. மர்ஜான் கம்பளத்தின் மேல் சின்னதாக ஒரு குதி குதித்தாள்.

பெட்டி கேட்டது: 'ஒவ்வொன்றுக்கும் பெயர்?'

அங்கேதான் சிக்கல். இந்த வீட்டுக்குள் மணமகளாகக் காலெடுத்து வைத்த நாள்முதல், பதினோரு வருடமாக, கணவன் வீட்டுப் பெரியவர்கள் ஒருவரின் பெயரையும் அவள் வாய் சொன்னதில்லை. மருமகள் சொல்லக்கூடாது. எழுதினால் சொன்னதாகுமா? அவளுக்குத் தெரியவில்லை. எதற்கு வம்பு என்று ஐந்து பேருக்கும் மரியாதையாக 'பெரியவர்' என்றே எழுதினாள்.

பெட்டி ஒரே பெயரில் ஐந்தைப் பார்த்தது. நான்கு வெறும் நகல்கள் என்று முடிவுகட்டி ஒளித்து வைத்தது. மறுபடியும் திரையில் மூத்த அண்ணன்.

"அடப்பாவி!"

"பெட்டியையா திட்டற, அவனையா?" என்றார் மாமியார்.

"பெட்டியைத்தான், அபா!"

எண் போடலாம் என்றால், டிஸ்க்கில் யார் எத்தனையாவது என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஆளை அடையாளம் வைத்துக்கொண்டு, பிறகு எண்களாக மாற்றிவிடலாம். பத்து நிமிட வேலை. அதுவரைக்கும் ஓர் அடையாளம் வேண்டும். அடையாளம் அவள் மனதில் ஏற்கெனவே இருந்தது. பெயர் சொல்லக்கூடாத ஒவ்வொருவருக்கும் பதினோரு வருடத்தில் அங்கே ஒரு பெயர் வளர்ந்திருந்தது.

மூத்த அண்ணன்: பெருந்தொண்டை. இரண்டாவது அண்ணன்: முதல் தட்டு. கணவனின் அக்கா: ஒற்றைக் கண்ணீர். மாமியாரின் தம்பி: கண்ணாடி எங்கே. கணவனின் சித்தி: கடைசியாக ஒரு வார்த்தை.

ஆறாவது எபிசோடுக்கு வந்தபோது விரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு தைரியமாக அடித்தது: ஸ்டேஷன் மாஸ்டர்.

பெட்டி ஆறையும் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் ஏற்றுக்கொண்டது. மர்ஜானுக்குப் பாடவேண்டும்போல இருந்தது.

தோளில் கிடந்த பச்சைத் துண்டில் கையைத் துடைத்தபடி மாமியார் வாசலில் வந்து நின்றார். "பேரெல்லாம் நல்லா வெச்சியா?"

"வெச்சாச்சு, அபா. இப்ப மாத்திடுவேன்."

அழைப்பு மணி அடித்தது. ஒரு மணிக்கு வரவேண்டியவர்கள் பன்னிரண்டுக்கே வந்துவிட்டார்கள்.

வந்தவுடன் வழக்கமான தகராறு. மருமகள் உட்கார்ந்து தேநீர் ஊற்றும் சமோவருக்குப் பக்கத்து இடம் யாருக்கு?

"போன தடவ நீதானே உக்காந்த!" என்றாள் கணவனின் அக்கா.

"மூத்தவன் நான். தள்ளு!" மூத்த அண்ணன் சொன்னபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

சூடா டீ கிடைக்கும்னு எவ்வளவு அடிதடி, பாவம்.

மூத்த அண்ணனின் மனைவி ரைஹான் எதுவும் பேசாமல், சண்டை போடுகிறவர்களுக்கு நடுவே புகுந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். மூத்த அண்ணனுக்கு அடுத்த இடம்தான் கிடைத்தது.

மர்ஜான் தேநீர் ஊற்றத் தொடங்கினாள். ஒரு கண் கோப்பையில், ஒரு கண் ரிமோட்டில். ரிமோட் இருந்த இடத்தில் இல்லை. அது செரிக்கின் கையில் இருந்தது.

"நானே போட்டுவிடறேன்," என்றான் செரிக், உற்சாகமாக.

"வேண்டாம்!"

எட்டிப் பாய்ந்தாள். பாய்கிற அவசரத்தில் மூத்த அண்ணனின் கோப்பை விளிம்புவரை நிறைந்துவிட்டது. பாதிக் கோப்பை ஊற்றினால்தான் மரியாதை. விளிம்புவரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

"என்ன கெலின், இப்பதானே வந்தேன்!"

"மன்னிச்சுக்குங்க அகா, கை தவறிடுச்சு!" என்று கத்திக்கொண்டே பெட்டியின் கம்பியைப் பிடுங்கினாள். திரை இருண்டது. அப்பாடா.

செரிக் நல்லவன். மனைவிக்கு உதவுகிறவன். கம்பி தானாகக் கழன்றுவிட்டது என்று நினைத்து மறுபடி சொருகினான். பெட்டி புத்துணர்ச்சியோடு எழுந்தது. எழுந்தவுடன், 'புதிதாகச் சேர்ந்தவை' என்று தலைப்பிட்டு, அடிமுதல் நுனிவரை திரை நிறைய ஆறு பெயர்களை விரித்தது.

மர்ஜான் ஓடிப்போய் டிவிக்கு முன்னால் கைகளை விரித்து நின்றாள்.

"நீ என்ன கண்ணாடியா? தள்ளு கெலின், தெரியல!" என்றார் மூத்த அண்ணன்.

"ஒரு நிமிஷம், அகா. கொஞ்சம் தூசி இருக்கு."

செரிக்கிடமிருந்து பறித்த ரிமோட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்து, கண் தெரியாத விரல்களால் எதையெதையோ அழுத்தினாள். எழுத்து மறையட்டும், எழுத்து மட்டும் மறையட்டும். பெட்டி கீழ்ப்படிந்தது. எழுத்துகள் மறைந்தன. பார்வை குறைந்தவர்களுக்கான வசதி விழித்துக்கொண்டது. இனிமையான பெண்குரல் ஒன்று, அறை முழுக்கக் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாக வாசித்தது:

"பெருந்தொண்டை. இருபத்திரண்டு நிமிடம்."

எல்லாத் தலைகளும் டிவி பக்கம் திரும்பின.

"முதல் தட்டு. நான்கு நிமிடம்."

இரண்டாவது அண்ணனின் வாயில் பவுர்சாக் ரொட்டி பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தது. "யாரு அது?" என்றார்.

கணவனின் அக்காதான் முதலில் வெடித்தாள். சிரித்துச் சிரித்து அவள் இடது கண்ணில் நீர் கோத்தது. இடது கண்ணில் மட்டும். "ஒற்றைக் கண்ணீர். ஆறு நிமிடம்," என்றது பெண்குரல். இப்போது அறையே வெடித்தது. ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டிக் காட்டினார்கள். தன்னைத் தவிர எல்லாரையும் எல்லாருக்கும் தெரிந்தது. "நான் அப்படியா சத்தமா பேசறேன்?" என்று மூத்த அண்ணன் கேட்டது பக்கத்து வீட்டுக்கும் கேட்டது.

மர்ஜான் அவசரமாக எண்ணினாள். இன்னும் இரண்டு தாண்டினால் அது வரும். நிறுத்தும் பொத்தான் எது? நான்காவதும் ஐந்தாவதும் சிரிப்பில் மூழ்கிப்போயின. சத்தத்தை ஒரு படி கூட்டியதுதான் மிச்சம்.

"ஸ்டேஷன் மாஸ்டர். ஒன்பது நிமிடம்."

சிரிப்பு சட்டென்று நின்றது. கடைசியாக மிச்சமிருந்தது யாருடைய பேச்சு என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

மாமியார் எழுந்தார். "அது நானா?"

மர்ஜான் தலைகுனிந்தாள். போச்சு. பால்கனி போச்சு, வெயில் போச்சு. இவங்க பச்சைக் கொடி காட்டாம இந்த வீட்டுலேர்ந்து ஒரு வண்டியும் கிளம்பினதில்ல. இனிமே எங்க காட்டப் போறாங்க?

மாமியார் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு தோளிலிருந்த பச்சைத் துண்டை உருவி, தலைக்கு மேலே உயர்த்தி, மூன்று முறை ஆட்டினார்.

"கிளம்புங்க. நல்லா இருங்க. நாலாவது மாடிதானே? லிஃப்ட் இருக்கான்னு கேட்டியா? என் முழங்காலுக்கு லிஃப்ட் இல்லாம ஆகாது."

மர்ஜானுக்குக் காதில் விழுந்தது புரிய நேரம் பிடித்தது. சந்தோஷத்தில் கத்தப் போனவள், பாதியில் நின்றாள். செரிக்கைப் பார்த்தாள். "நீ சொன்னியா?"

"சத்தியமா இல்ல. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!" என்ற செரிக், அவள் கண்ணைப் பார்க்காமல் ரைஹானைப் பார்த்தான்.

வந்ததிலிருந்து வாயைத் திறக்காத ரைஹான் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"யாரும் சொல்லல, மர்ஜான். நீ மனசுக்குள்ள பேசறதா நினைச்சுக்கிட்டுப் பேசறது எல்லாம் பதினோரு வருஷமா எங்களுக்கு நல்லாவே கேக்குது. பின்ன எதுக்கு இந்த சமோவர் பக்கத்துல இடம் பிடிக்க அடிச்சுக்கறோம்?"

மூத்த அண்ணன் ஆவலோடு காதைச் சாய்த்துக்கொண்டு முன்னால் நகர்ந்தார். "சரி, இப்ப என்ன நினைக்கிற? சொல்லு, கெலின். சும்மா சொல்லு."

மர்ஜான் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். மாட்டேன் என்று மெல்லத் தலையை ஆட்டினாள். பிறகு அவருடைய கோப்பையை வாங்கி, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல், விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தாள்.