பாட்டுக் கூடைக்குள் ஏழு நாவல்கள்

இந்தக் கதையை எஸ்றா அண்ணாச்சி எனக்குச் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷமாக எனக்கு இதில் ஒரு சந்தேகம். அண்ணாச்சி பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் தொந்தரவு. பொய் சொல்கிறவராக இருந்தால் ‘சரி, போகட்டும்’ என்று விட்டிருப்பேன். உண்மை பேசுகிற மனுஷர் சொன்ன கதை ஏன் இப்படி உறுத்துகிறது என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அவருடைய சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையோ என்றுகூட யோசித்ததுண்டு. எதற்கும் அவர் சொன்னபடியே சொல்லிவிடுகிறேன்.

எஸ்றா, பேட்டையில் ஒரு பம்புசெட் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். எனக்குப் பக்கத்து மேஜை. சம்பளத்துக்கு நட்டும் போல்ட்டும், உயிருக்கு நாவல். புதிதாக வருகிற நாவல் எதுவும் அவர் கையிலிருந்து தப்பாது. வாசித்தால் மட்டும் போதாது, நாலு பேருக்குச் சிபாரிசு செய்தாக வேண்டும். அங்கேதான் கோளாறு. தனக்குப் பிடித்தது உலகத்துக்கே பிடிக்கும் என்று நினைக்கிற நல்ல மனசு அவருக்கு.

தம்பியோடு வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்த வேதமுத்து சாரிடம், ஒரு ஆள் எண்ணூறு பக்கத்துக்குக் கனவு காண்கிற நாவலைக் கொடுத்தார். சார் அதைக் காற்றில் அடிக்கிற கதவுக்கு முட்டுக் கொடுத்தார். கல்யாணமாகி நாற்பதே நாளான டார்லினுக்கு, புருஷன் இருநூறாம் பக்கத்தில் செத்துப்போகிற நாவல். அன்றிலிருந்து அவள் மாமியார் தேவமணி டீச்சர் எஸ்றாவைத் தூரத்தில் கண்டாலே கேட்டைச் சாத்திவிடுவார். பாளையங்கோட்டையில் அவர்கள் குடியிருக்கிற தெருவில் எஸ்றா கையில் புத்தகத்தோடு வந்தால், எதிரே வருகிறவர்களுக்குச் சந்துக்குள் ஏதாவது அவசர வேலை வந்துவிடும்.

மனைவி பிரிஸில்லாவும் விதிவிலக்கில்லை.

“இது ஒனக்குக் கட்டாயம் பிடிக்கும்ளா.”

“வைங்கத்தான். பொறவு பாப்போம்.”

இருபத்தைந்து வருஷமாக இதே பேச்சு.

இப்படி வைத்து வைத்தே அலமாரி முன்னறைச் சுவர் முழுவதையும் பிடித்துக்கொண்டது. அந்தச் சுவரில்தான் ஜன்னல். பிரிஸில்லாவுக்கு அங்கே தையல் மிஷினைப் போட்டு, தெருப் பெண்பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க ஆசை. ஒருநாள் பேச்சு முற்றியது.

“மிஷினு அடுக்களைக்கும் கக்கூசுக்கும் நடுவுல கெடக்கு. ஊசி கோக்க வெளிச்சம் இல்ல. ஒரு முடிவு சொல்லுங்க.”

“அதுக்கு? அலமாரிய எங்கன கொண்டுபோயி வைக்கச் சொல்லுத?”

“நான் அலமாரிய ஒண்ணுமே சொல்லலையே. நெறஞ்சிட்டுன்னுதான் சொல்லுதேன். இனிமே ஒரு புது நாவலு இந்த வாசலத் தாண்டி உள்ள வந்துச்சுன்னா, அலமாரி அதே வாசலத் தாண்டி வெளிய போவும். சம்மதமா?”

“சம்மதம்.”

“சபைல எந்திச்சு நின்னு சொல்லுதியளா, இங்கனயே போதுமா?”

“இங்கனயே போதும்ளா.”

பதினோரு நாள் தாக்குப்பிடித்தார். பன்னிரண்டாம் நாள் மேலப்பாளையத்துப் புத்தகக்கடை ரசீத் போன் செய்தார். ஏழு புது நாவல்கள் வந்திருக்கின்றன, ஏழும் ஒன்றையொன்று மிஞ்சும் என்றார். எஸ்றாவின் மூளை அன்றைக்குப் பட்டறை மோட்டாரைவிட வேகமாகச் சுற்றியது.

அவர் தெருவில் எட்டு வீடு சேர்ந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம் நடத்துகிறார்கள். வாரத்துக்கு ஒரு வீடு. எல்லாருக்கும் கண் மங்குகிற வயசு என்பதால், பெரிய எழுத்துப் பாட்டுப் புத்தகம் எட்டு பிரதி பொதுவில் வாங்கி, பழுப்புத்தாள் அட்டை போட்டு, ஒரு கூடையில் வைத்திருந்தார்கள். எந்த வீட்டில் கூட்டமோ, அந்த வீட்டுக்குக் கூடை முந்தின வாரமே போய்விடும். இது தவிர எஸ்றா வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் அதே மாதிரி அட்டை போட்ட பழைய பாட்டுப் புத்தகங்கள் வேறு கிடந்தன. அட்டையைப் பிரித்து யார் பார்க்கப் போகிறார்கள்?

ஸ்டோரில் சாமான் சுற்றி வருகிற பழுப்புத்தாளை எடுத்து ஏழு நாவலுக்கும் அட்டை போட்டார். பசை டப்பாவை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். முதுகில் ‘கீர்த்தனைகள்’ என்று எழுதி, பேனாவால் ஒரு சிலுவையும் போட்டார்.

“அண்ணாச்சி, மைனி கண்டுபிடிச்சிட்டா?”

“போங்கவே. பாட்டுப் புஸ்தகத்த எவளாவது சந்தேகப்படுவாளா?”

சாப்பாட்டுப் பையில் நாளுக்கொன்றாக ஏழும் வீடு சேர்ந்தன. ஒருநாள் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த பிரிஸில்லா கேட்டாள்.

“என்னத்தான், கீழ்த்தட்டுல பாட்டுப் புஸ்தகமா பெருகுது?”

“பெரிய எழுத்துளா. கண்ணு தெரியணும்லா.”

“ஆமாமா. கண்ணு தெரியணும்.”

அவ்வளவுதான். துடைத்துவிட்டுப் போய்விட்டாள். எஸ்றாவுக்கு அன்றைக்கு இரண்டு ஆப்பம் கூடுதலாக இறங்கியது.

ஒன்றரை மாசம் கழித்து ஜெபக்கூட்டம் எஸ்றா வீட்டு முறைக்கு வந்தது. அன்றைக்கென்று பேட்டை பஸ் தாமதம். அவர் உள்ளே நுழையும்போது பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. பிரிஸில்லா கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவர் கையிலும் புத்தகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வேதமுத்து சார் மடியில் இருந்த புத்தகத்தின் முதுகை எஸ்றா பார்த்தார். பேனாச் சிலுவை. தேவமணி டீச்சர் கையில் பார்த்தார். அங்கேயும் பேனாச் சிலுவை. அலமாரி தன் கண் முன்னாலேயே நாலு காலால் நடந்து வாசலைத் தாண்டுவது போலிருந்தது.

கூட்டத்தை நடத்துகிற சபை உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நூத்திப் பன்னெண்டாவது பாட்டு.”

பக்கங்கள் சரசரத்தன. ஒவ்வொருவரும் தன் புத்தகத்தைப் பார்த்தார்கள். பக்கத்து ஆளின் அட்டையைப் பார்த்தார்கள். தன் கையில்தான் ஏதோ தப்பாக வந்திருக்கிறது, மற்றவர்கள் கையில் இருப்பது பாட்டுத்தான் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. ஜெபக்கூட்டத்தில் கையில் கதைப் புத்தகத்தோடு மாட்டிக்கொள்ள யார்தான் விரும்புவார்கள்?

பிரிஸில்லா பாட்டை எடுத்தாள். பல்லவிக்கு எல்லாரும் சேர்ந்தார்கள். முதல் சரணத்துக்கு முனகினார்கள். இரண்டாவது சரணத்தில் முனகலும் நின்றது. வேதமுத்து சார் பக்கம் திருப்பினார். டார்லின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிரிஸில்லா ஒருத்தி மட்டும் ஐந்து சரணத்தையும் ஒரு சொல் பிசகாமல் பாடி முடித்தாள். அன்றைக்கு எஸ்றா செய்த மாதிரி ஊக்கமான ஜெபத்தை அந்தத் தெருவில் அதற்கு முன்னால் யாரும் செய்ததில்லை. உபதேசியாரின் பிரசங்கம் நாலே நிமிஷத்தில் முடிந்தது. அதுவும் அதற்கு முன்னால் நடந்ததில்லை.

தேநீர் வந்ததும் வேதமுத்து சார் எஸ்றாவை ஓரமாக இழுத்தார்.

“எஸ்றா, இந்தப் பாட்டுப் புஸ்தகத்த நான் கொண்டுபோறேன்வே.”

“சார், அது வந்து...”

“வாய்க்கால் தண்ணிக்காக அண்ணனும் தம்பியும் வெட்டிக்கிட்டு நிக்கானுவ. எங்க வீட்டுக் கதைய எவன்வே எழுதுனது? தம்பி பொண்டாட்டி இப்பம் மடையத் தெறக்கப் போறா. மீதியத் தெரியாம எனக்கு ஒறக்கம் வராது.”

தேவமணி டீச்சர் புத்தகத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே வந்தார். ரிட்டயரான ஒரு டீச்சர், யாரிடமும் சொல்லாமல் ரயிலேறிப் போய்விடுகிற நாவல் அது. “தம்பி, டார்லின்கிட்ட சொல்லிராதிய” என்றார். ஐந்து நிமிஷம் கழித்து டார்லின் வந்தாள். சோறு வடிக்கத் தெரியாத புதுப் புருஷன் பொண்டாட்டி, தெரியாத ஊரில் வாடகைக்கு வீடு பிடிக்கிற நாவல் அவளுக்கு. “அங்கிள், அத்தைட்ட சொல்லிராதிய” என்றாள்.

உபதேசியார் கையில் இருந்தது குற்றாலத்து லாட்ஜில் நடந்த ஒரு கொலை.

“எஸ்றா, அந்த டாக்டருதான கொன்னது?”

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பிரிஸில்லா திரும்பாமலே சொன்னாள்.

“அவசரப்படாதிய உபதேசியாரே. கடைசி வரைக்கும் பொறுமையா வாசிங்க.”

எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்துகிற நல்ல புத்தி என்று எஸ்றா நினைத்துக்கொண்டார்.

ஏழு நாவலும் ஏழு பேர் கையோடு போய்விட்டன. வீட்டில் தடயமே இல்லை. ஒரே மாதிரி அட்டை, சாயங்கால வெளிச்சம், பாவம் அவளுக்குக் கை மாறிவிட்டது. இதுதான் அண்ணாச்சியின் தீர்ப்பு. இருபத்தைந்து வருஷம் தோற்ற சிபாரிசு ஒரே சாயங்காலத்தில் ஏழுக்கு ஏழு ஜெயித்ததும் கர்த்தரின் செயல்.

அடுத்த வாரமே ஆட்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். எஸ்றா பட்டறையில் இருக்கிற நேரத்தில்தான் வருவார்கள். பிரிஸில்லா அலமாரியில் தடவி, “அவிய ஒங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்காவ” என்று ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். போனது திரும்பி வருமுன் இன்னொரு வீட்டுக்குப் போய்விடும். மூன்று மாசத்தில் அலமாரியின் பின்பலகை தெரிந்தது.

“அத்தான், ஒரு புஸ்தகம் இல்லாத அலமாரி எதுக்கு எடத்த அடைச்சிக்கிட்டு?”

அவள் கேட்டது நியாயம்தான். அலமாரி உபதேசியார் வீட்டுக்குப் போனது. ஜன்னல் ஓரத்தில் தையல் மிஷின் வந்தது. அதில் அண்ணாச்சிக்கு வருத்தமே இல்லை. “ஒரு நாவலு நம்ம வீட்டுல ரெண்டு நாளு தங்க மாட்டேங்குவே, அவ்வளவு கிராக்கி” என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டேன். ஒரு மனுஷனின் ஒரே வெற்றியைச் சோதித்துப் பார்க்க எனக்கு என்ன உரிமை?

போன வாரம் மத்தியானச் சாப்பாட்டில் மறுபடியும் முழுக் கதையையும் சொன்னார். முடிக்கும்போது வழக்கம்போல் மனைவியைப் பற்றி ஒரு சிரிப்புச் சிரித்தார்.

“அவளா கண்டுபிடிப்பா? எந்தப் பாட்டும் பல்லவிக்கு மேல ஒரு வரி அவ மனசுல நிக்காதுவே.”

அன்றைக்கு என்னால் முடியவில்லை. கேட்டே விட்டேன்.

“அப்பம், அஞ்சு சரணத்தையும் மைனி எதப் பாத்துப் பாடுனாவ, அண்ணாச்சி?”